கொழும்பை விடச் சின்ன மேப்பில் மூன்று நகரம்! ஜிடிஏ 6 இதைச் செய்யுமா?

வணக்கம் மக்களே! ஜிடிஏ வீடியோ கேம் வரிசையில் 2004இல் வந்த சான் அன்ட்ரியாஸின் மேப் பெரிதா, நம்ம கொழும்பு பெரிதா? மூன்று நகரம், ஒரு பாலைவனம், ஒரு பெரிய மலை, நடுவில் காடு, வயல். பிளேனே ஓட்டலாம். யோசிக்காமல் சான் அன்ட்ரியாஸ் என்றுதானே சொல்வீர்கள்?

(திரையில்: இரண்டு வரைபடங்களும் ஒன்றன்மேல் ஒன்று)

மட்டக்குளி முதல் வெள்ளவத்தை வரை, கொழும்பு மாநகர சபை எல்லை 37.31 சதுர கிலோமீற்றர். சான் அன்ட்ரியாஸ் மேப் கடலையும் சேர்த்தே 36தான்! 6க்கு 6 என்று ஒரு சதுரம், அவ்வளவுதான். ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போவதென்றால், காலிமுகத்திடலில் 100ஆம் நம்பர் பஸ் ஏறி வெள்ளவத்தையில் இறங்குகிற தூரம். பின்னேரம் ஐந்தரைக்கு ஏறினால் காலி வீதியில் அந்தத் தூரம் எப்போது முடியும் என்று டிரைவருக்கே தெரியாது. அது வேறு கதை.

அப்படியென்றால் விளையாடும்போது ஏன் அது ஒரு நாடு மாதிரித் தெரிந்தது? இங்கேதான் கேமைச் செய்தவர்கள் விளையாடியிருக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 2இல் இருந்த மெமரி 32 எம்பி. இன்று 4 ஜிபி ராம் உள்ள சாதாரண போனில்கூட அதைப்போல நூறு மடங்குக்கு மேல் இருக்கிறது. அந்த 32இல் தூரத்துக் கட்டிடங்களையெல்லாம் வரைய முடியாது. அதனால் தூரத்தை ஒரு மங்கலான பனிப்புகாரால் மூடினார்கள். ரோட்டை நேராகப் போடாமல் மலையைச் சுற்றி வளைத்து வளைத்துப் போட்டார்கள். பக்கத்து நகரம் கண்ணுக்கு எட்டாது, போய்ச் சேரவும் நேரமாகும். மூளை அதைப் "பெரிய ஊர்" என்று நம்பிவிட்டது.

2021இல் இதே கேமைப் புதுப்பித்து டிஃபினிட்டிவ் எடிஷன் என்று விட்டபோது அந்தப் பனிப்புகாரை எடுத்துவிட்டார்கள். போச்சு! மலை உச்சியில் நின்றால், தாமரைக் கோபுரத்தில் ஏறிக் கொழும்பைப் பார்ப்பதுபோல, மூன்று நகரமும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. ரசிகர்கள் கத்தோ கத்து என்று கத்தினார்கள். 2024 நவம்பர் அப்டேட்டில் பழைய ஒளியமைப்பைத் திரும்பத் தந்தார்கள்.

சரி, ஜிடிஏ 6 பின்னணியை ஒரே மூச்சில் சொல்கிறேன்: நகரம் வைஸ் சிட்டி, லியொனைடா மாநிலம், நாயகன் ஜேசன், நாயகி லூசியா. முதல் ட்ரெயிலர் 2023 டிசம்பர். வெளியீடு 2025 என்றார்கள், அப்புறம் 2026 மே 26, அப்புறம் 2026 நவம்பர் 19. முடிந்தது.

எல்லாரும் "மேப் எவ்வளவு பெரிது" என்று அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வமே இல்லை. ஜிடிஏ 5 மேப், சான் அன்ட்ரியாஸைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் நகரம் ஒன்றுதான், சுற்றிவர ஹைவே, நேரே மிதித்தால் ஊர் முடிந்துவிடும். எனக்கு வழி தவற வேண்டும். ஒரு குறுக்கு ரோட்டில் திரும்பி, "இது எங்கே வந்திருக்கிறேன்?" என்று முழிக்க வேண்டும். லியொனைடாவில் சதுப்பு நிலம் இருக்கிறது, தீவுகள் இருக்கின்றன. அங்கேயாவது வளைந்த ரோடு போடுங்கள் ஐயா!

இன்னொன்று, சான் அன்ட்ரியாஸ் நாயகன் சிஜேயின் வயிறு. பர்கர் தின்றால் தொப்பை போடும், ஜிம்முக்குப் போனால் புஜம் ஏறும். அதை ஜிடிஏ 4இலேயே தூக்கிவிட்டார்கள். திரும்ப வேண்டும்.

சீட் கோடும் வேண்டும், அதுதான் கேமை ஏமாற்றத் தட்டுகிற ரகசியச் சொல். என் சீஆர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், கணிதச் சமன்பாட்டுக்குக் கீழே, நீலப் பேனாவால் "ஹெசோயாம்" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருப்பேன். உயிர், கவசம், 2,50,000 டொலர், எல்லாம் ஒரே அடியில். சமன்பாடு மறந்துவிட்டது.

பிசி வைத்திருப்பவர்கள் இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அறிவித்திருப்பது பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸுக்கும் மட்டும். இது இவர்களின் பழைய பழக்கம்: சான் அன்ட்ரியாஸ் 2004 ஒக்டோபரில் வந்தது, பிசிக்கு 2005 ஜூன். ஜிடிஏ 5 வந்தது 2013 செப்டெம்பர், பிசிக்கு 2015 ஏப்ரல். பிஎஸ்5 விலையைக் கேட்டுவிட்டு வந்த நண்பன் ஒருவன், "பரவாயில்லை மச்சான், காத்திருப்போம்" என்கிறான்.

லைக் போடாவிட்டாலும் பரவாயில்லை, உங்களுக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிற சீட் கோட் எது என்று கீழே எழுதுங்கள். ஹெசோயாம் மட்டும் வேண்டாம், அது எங்கள் வீட்டு அம்மாவுக்கே தெரியும்.