பழுப்பு நிலக்கரியின் கரியில் நிக்கல் வினையூக்கி

நேயர்களுக்கு வணக்கம். மரத்தூள், உமி போன்றவற்றை எரிவாயுவாக்கும் உலைகளில் பெரிய தொல்லை தார். குழாய் குளிரும் இடத்திலெல்லாம் படிந்து அடைத்துக்கொள்ளும். நிக்கல் இருந்தால், நீராவியோடு வினைபுரிந்து அந்தத் தார் ஹைட்ரஜனாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் உடையும். வழக்கமாக நிக்கலை அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு, மீது ஏற்றுவார்கள். பழுப்பு நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடாக்கினால் கிடைக்கும் கரியிலும் ஏற்றலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து லோய் யாங் நிலக்கரியைக் கொண்டு ஜப்பானின் குன்மா பல்கலைக்கழகத்தினர் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். நம் நெய்வேலியில் தோண்டுவதும் பழுப்பு நிலக்கரிதான். ஆனால் சாம்பலும் கந்தகமும் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். கந்தகம் நிக்கலுக்கு நஞ்சு.

பழுப்பு நிலக்கரியில் கார்பாக்சில் தொகுதிகள், அதாவது அமிலத் தன்மையுள்ள தொகுதிகள், நிறைய. அவை ஹைட்ரஜனை விட்டு நிக்கல் அயனியைப் பிடித்துக்கொள்வதால், அதாவது அயனிப் பரிமாற்றத்தால், நிக்கல் உள்ளே வரை சீராகப் பரவும். நிக்கல் நைட்ரேட் கரைசலில் வெறுமனே ஊறவைத்து உலர்த்தினாலோ, உப்பு துகளின் விளிம்பில் திரண்டுவிடும். நைட்ரேட் ஏறிய நிலக்கரியைச் சூடாக்கினால் திடீரெனப் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

நிலக்கரியை முன்கூட்டி உலர்த்தாதீர்கள். ஈரம் போனால் நுண்துளைகள் சுருங்கும், மறுபடி முழுதாக விரியாது. அரை முதல் 1 மில்லிமீட்டர் துகளாகச் சலித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால் இடம் பிடித்திருக்கும் சோடியமும் கால்சியமும் வெளியேறும். பிறகு, வடிநீரில் சில்வர் நைட்ரேட் விட்டாலும் கலங்காத நிலை வரும் வரை தண்ணீரில் அலசுங்கள்.

உலர் எடையில் 10 கிராம் நிலக்கரிக்கு 5 கிராம் நிக்கல் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் போதும். அதில் ஏறத்தாழ 1 கிராம் நிக்கல் இருக்கிறது. அதைத் தண்ணீரில் கரைத்து, கரைசலில் அம்மோனியா விட்டால் முதலில் பச்சையாகக் கலங்கும். அது நிக்கல் ஹைட்ராக்சைடு. அங்கே நிறுத்திவிட்டால் அதுவே வண்டலாக நிலக்கரி மேல் ஒட்டும், பரிமாற்றம் நடக்காது. மேலும் விட்டுத் தெளிந்த நீலம் வர வேண்டும், பி.எச். 10 முதல் 11. நிலக்கரி சேர்த்து ஒரு நாள் கலக்கும்போது பி.எச். இறங்கும், அம்மோனியாவால் ஈடுகட்டுங்கள். முதல் கழுவல் நீர்த்த அம்மோனியாவில், பிறகுதான் தண்ணீரில். நேரே தண்ணீரை ஊற்றினால் எஞ்சிய நிக்கல் அங்கேயே ஹைட்ராக்சைடாகப் படியும்.

நைட்ரஜனில் 105 பாகை செல்சியஸில் உலர்த்தி, நைட்ரஜனிலேயே 600 முதல் 650 பாகை வரை மெதுவாகச் சூடாக்குங்கள். கரியே நிக்கலை உலோகமாக ஒடுக்கிவிடும், ஹைட்ரஜன் தனியாக வேண்டாம். வெப்பம் கூடக்கூட நிக்கல் துகள்கள் ஒன்றுசேர்ந்து பருக்கும். நிலக்கரியின் எடை பாதியளவு குறைவதால் நிக்கல் விழுக்காடு இரட்டிப்பாகும். முடிவுகளை எழுதும்போது எந்த எடைக்கு என்று குறிப்பிடுங்கள்.

எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில், தாமிரக் கதிருக்கு, நிக்கல் 44.5, 51.8, 76.4 பாகைகளில் தெரியும். 43.3-இல் நிக்கல் ஆக்சைடும், 43 அருகே கரியின் அகன்ற மேடும் இருப்பதால் 44.5-ஐ மட்டும் நம்பாமல் 51.8-ஐயும் பாருங்கள். 44.5-இல் முகட்டின் அகலம் 1 பாகை என்றால், கருவியின் பங்கைக் கழித்த பிறகு, ஷெரர் சமன்பாட்டில் படிக அளவு சுமார் 8.6 நானோமீட்டர். 3 நானோமீட்டருக்குக் கீழே முகடு கரைந்து மறையும். நிக்கல் இல்லை என்று முடிவுகட்ட அது போதாது, மின்னணு நுண்ணோக்கியில் பாருங்கள்.

நிக்கலை ஹைட்ரஜனில் ஒடுக்கி, செலவாகும் ஹைட்ரஜனை அளக்கும் சோதனை கரியில் ஏமாற்றும். உயர்வெப்பத்தில் நிக்கலின் துணையோடு கரியே மீத்தேனாகும், வாயுவின் மாற்றத்தை அளக்கும் வெப்பக்கடத்தல் உணரி அதையும் நிக்கலின் கணக்கில் சேர்த்துவிடும். நிறை நிறமாலைமானியை, அதாவது வாயுக்களை எடை பிரித்துக் காட்டும் கருவியை, இணைத்தால் தப்பலாம். நிக்கல் அளவுக்குக் காற்றில் எரித்த சாம்பலை 0.786-ஆல் பெருக்கும் குறுக்குவழி, சாம்பல் முழுதும் நிக்கல் ஆக்சைடு என்றால்தான் சரி.

வேலை முடிந்த உலையை ஆறவிடும்போது கார்பன் மோனாக்சைடு உள்ளே இருக்கக் கூடாது. 200 பாகைக்குக் கீழே நிக்கல் கார்போனைல் என்ற கொடிய நச்சு வாயு உண்டாகலாம். சூடாக இருக்கும்போதே நைட்ரஜனை ஓட்டித் துப்புரவாக வெளியேற்றுங்கள். முழுதும் ஆறியபின் நைட்ரஜனில் 1 விழுக்காடு ஆக்சிஜன் கலந்து மெல்ல அனுப்பிய பிறகே காற்றுக்குத் திறக்கலாம். இல்லாவிட்டால் கரி அங்கேயே கனன்றுவிடும்.