டேஷ்போர்டு சிக்னல் விளக்கு ஒரு பக்கத்துக்கு மட்டும் எரியுது, ஏன்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

ஒரு நண்பர் கேட்டிருக்காரு: "பழைய டிரக். டேஷ்போர்டு பல்புகளை எடுத்துட்டு நானே எல்இடி செஞ்சு போட்டேன். இடது சிக்னல் போட்டா அம்புக்குறி எரியுது, வலது போட்டா எரியல. எல்இடி போயிடுச்சா?"

ரொம்ப நல்ல கேள்வி. எல்இடி போகலங்க.

பழைய வண்டிகள் நிறையதுல ரெண்டு பக்கத்துக்கும் டேஷ்ல ஒரே விளக்குதான். அந்த பல்போட ஒரு முனை இடது லைன்ல, இன்னொரு முனை வலது லைன்ல. எர்த்துக்குன்னு (வண்டி பாடிக்கு) தனி ஒயரே கிடையாது. இடது போட்டா, கரண்டு டேஷ் பல்பு வழியா போய், அணைஞ்சு கிடக்கிற வலது பக்க பல்புகளோட இழை வழியா எர்த் ஆகுது. வலது போட்டா அதே பாதையில எதிர்த்திசை. பல்புக்கு எந்தத் திசையும் ஒண்ணுதான், எல்இடிக்கு ஒரே திசைதான். பல்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி அது என்னென்ன வேலை பார்த்துச்சுன்னு பாருங்கன்னு ஒவ்வொரு வீடியோவுலயும் சொல்றேனே, இதுக்குத்தான்.

1என்4007 டயோடு (கரண்டை ஒரே திசையில மட்டும் விடுற பாகம்) ரெண்டு எடுங்க. ஒண்ணு இடது லைன்ல, ஒண்ணு வலது லைன்ல. கோடு போட்ட முனை ரெண்டையும் சேர்த்து, 1.2 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் வழியா எல்இடியோட நீளக் காலுக்குக் கொடுங்க. குட்டைக் காலுக்குப் புதுசா ஒரு எர்த் ஒயர். டயோடு இல்லாம ரெண்டு லைனையும் முறுக்கிட்டா, எந்தப் பக்கம் போட்டாலும் நாலு மூலையும் மின்னும். இது 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியோட மைனஸ் பாடியில சேர்ந்த) வண்டிக்கு. பாசிட்டிவ் எர்த்னா டயோடு, எல்இடி எல்லாத்தையும் திருப்பிப் போடணும்.

மத்த விளக்குகளுக்கும் எல்இடியோட தொடர் இணைப்பா ஒரு டயோடு வைங்க. ஹார்ன், ரிலே காயில் அணையும்போது தலைகீழா ஒரு வோல்டேஜ் அடிக்கும். பொதுவா எல்இடி அப்படி 5 வோல்ட்தான் தாங்கும்.

ஹைபீம் நீல விளக்குக்கு மட்டும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். 2 மில்லியாம்பே தாராளம். பகல்ல மங்கலா தெரியுதேன்னு ஏத்தாதீங்க, ராத்திரி கண்ணைக் குத்தும். இருட்டுல உட்கார்ந்து பார்த்து முடிவு பண்ணுங்க. அப்புறம், சிவப்பு லென்ஸுக்குப் பின்னாடி சிவப்பு எல்இடியே வைங்க, வெள்ளை வெச்சா நிறம் வெளிறிடும்.

இப்போ அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வர்றேன். சார்ஜ் விளக்கையும் (பேட்டரி சார்ஜ் ஏறலன்னா எரியுற விளக்கு) மாத்திட்டீங்களா? அங்கயும் பல்புக்கு இன்னொரு வேலை இருக்கு. அந்த விளக்கு வழியா ஆரம்பக் கரண்டு எடுக்கிற ஆல்டர்னேட்டர்ல (பேட்டரியை சார்ஜ் பண்ற ஜெனரேட்டர்), சாவி போட்டதும் 2, 3 வாட் பல்பு வழியா 200 மில்லியாம்ப் அளவுல கரண்டு, உள்ளே சுத்துற ரோட்டர் சுருளுக்குப் போய் முதல் காந்தத்தைக் கொடுக்கும். எல்இடி விடுறது 10 மில்லியாம்ப். அதனால இன்ஜின் ஓடும், சார்ஜ் ஏறாது. ஆக்சிலரேட்டரை நல்லா மிதிச்சாத்தான் ஏறும், சிலதுல அப்பவும் ஏறாது.

எல்இடி, அதோட ரெசிஸ்டர், டயோடு மூணையும் சேர்த்து, அதுக்குப் பக்க இணைப்பா 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு போடுங்க. சாவி போட்டு இன்ஜின் ஓடாம நிக்கும்போது அதுல 2 வாட் அளவுக்குச் சூடு வரும். அதனால பிளாஸ்டிக் லென்ஸை ஒட்டி வைக்காதீங்க. சார்ஜ் ஆரம்பிச்சதும் ரெண்டு முனையிலயும் வோல்டேஜ் ஏறக்குறைய சமமாகி, தானே ஆறிடும்.

மாட்டி முடிச்சதும் சாவி போடுங்க, விளக்கு எரியணும். ஸ்டார்ட் பண்ணி லேசா ரேஸ் பண்ணா அணையணும். அப்போ பேட்டரி முனையில மீட்டர் வெச்சா 14 வோல்ட் பக்கம் காட்டணும்.