குட்டியைத் துரத்தாதீர்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள்

[காட்சி: வேப்பமர நிழல். சுவரோரம் ஒட்டி நிற்கும் கருப்புக் குட்டி.]

இந்த ஆட்டுக்குட்டியைப் பாருங்கள். கருப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. கன்னி ஆட்டில் பால்கன்னி வகை. எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் வாங்கி வந்து இரண்டு நாள்தான் ஆகிறது, பால் மறந்த குட்டி. பக்கத்தில் போனால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, ராத்திரி முழுக்கக் கத்துகிறது.

இங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். துரத்திப் பிடித்து மடியில் அமுக்கி வைத்துத் தடவிக் கொடுத்தால் பழகிவிடும் என்று நினைக்கிறார்கள். பழகாது. ஓடித்தான் பிழைத்த இனம் அது, துரத்துகிற எதையும் நம்பாது.

[காட்சி: கண், மிக அருகில்.]

அதன் கண்மணி படுக்கை வாட்டில் செவ்வகமாக இருக்கிறது, தெரிகிறதா? இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு தலையைத் திருப்பாமலேயே தன்னைச் சுற்றி முக்கால்வாசிக்கு மேல் பார்த்துவிடும், அதனால் பின்னால் பூனை மாதிரிப் போய்ப் பிடிக்கலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள்.

சரி, என்ன செய்வது? தரையில் உட்காருங்கள். கையில் ஒரு கொத்து அகத்திக்கீரை, அவ்வளவுதான். குட்டியையே உற்றுப் பார்க்காமல், மெதுவான குரலில் ஏதாவது பேசிக்கொண்டு, காலையும் மாலையும் அரை மணி நேரம். முதல் நாள் வராது. தழையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த நாள் கொஞ்சம் கிட்டே வைத்துப் பாருங்கள், அப்புறம் கையிலேயே. முதல்முறை வந்து தின்னும்போது தொட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. அந்த ஒரு அவசரத்தில் நான்கு நாள் உழைப்பு போய்விடும்.

தொடும்போது கை மேலிருந்து தலைக்கு வரக்கூடாது. தாடைக்குக் கீழே, கழுத்து, நெஞ்சு, அங்கே சொறிந்து கொடுங்கள். நெற்றியில் கை வைத்துத் தள்ளி விளையாடுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். குட்டிக்கு அது முட்டுப் பழக்கம். கொம்பு வளர்ந்த கிடா அதே விளையாட்டை உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஆடினால் தாங்காது.

ஆசைக்காக மிச்சச் சோற்றை அள்ளி வைக்கிற பழக்கமும் வேண்டாம். சோறும் சோளமும் அளவு மீறினால் வயிற்றில் அமிலம் கூடும், உயிரே போகும். தழைதான் அதன் சாப்பாடு.

தாயில்லாத குட்டி என்றால் புட்டிப்பால் கொடுக்க வேண்டியிருக்கும், அது சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். நிற்க வைத்தே கொடுங்கள், பிள்ளையைப் போல மல்லாத்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

இன்னொன்று, ஒற்றைக் குட்டியாக வளர்க்காதீர்கள். நீங்கள் எவ்வளவு பாசம் வைத்தாலும் ஆட்டுக்கு ஆட்டுத் துணை வேண்டும்.

பழகின ஆடு நம்மை எப்படிப் பார்க்கும் என்பதை லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். தீனி இருந்த பெட்டியைத் திறக்க முடியாதபடி மூடி வைத்தால், ஆடுகள் பெட்டியையும் எதிரே நிற்கிற ஆளையும் மாறி மாறிப் பார்த்தன. உதவி கேட்கிற மாதிரி. எனக்கு இது ரொம்பப் பிடித்த ஆய்வு.

[காட்சி: ஒன்பதாம் நாள். அதே வேப்பமரம்.]

அகத்தி தீர்ந்துவிட்டது, கை காலி. குட்டி போகவில்லை. என் முழங்காலில் சாய்ந்து படுத்துக்கொண்டு அசைபோடுகிறது, கேளுங்கள்.