தாய்ப்பால்ல குழந்தைக்குச் செரிக்காத சர்க்கரை! அப்போ அது யாருக்கு?

[திரையில்: பால் புட்டி, பக்கத்துல ஒரு தேக்கரண்டி சர்க்கரை]

தாய்ப்பால்ல ஒரு சர்க்கரை இருக்கு. லிட்டருக்கு 5 முதல் 15 கிராம், சீம்பால்ல 20 கிராமுக்கும் மேல. ஆனா அதைச் செரிக்கக் குழந்தையால முடியாது!

பேரு ஒலிகோசாக்கரைடு. 150 வகைக்கு மேல இருக்கு, பசும்பால்ல ரொம்பச் சொற்பம். பாடம் அவ்வளவுதான், விஷயத்துக்கு வருவோம்.

குழந்தையோட பெருங்குடல்ல பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ்னு ஒரு நுண்ணுயிர் இருக்கு. அது இந்தச் சர்க்கரையை வெளியில வச்சு உடைக்காது. முழுசா உள்ள இழுத்து, உள்ளேயே வெட்டித் தின்னும். சிந்தினாத்தானே மத்த கிருமி பொறுக்கும்? இது ஒண்ணும் சிந்தாது!

[திரையில்: செம்பனைக் கன்று வரிசை, நடுவுல பச்சைக் கொடி]

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை மறுநடவு பார்த்திருப்பீங்க. கன்று நடும்போதே தரையை மூடுற பயறுக்கொடியும் விதைப்பாங்க. வெறுந்தரை கிடந்தா லாலாங் புல் புகுந்திடும். அதோட கிழங்குவேர் மண்ணுக்கடியில ஓடும், வெட்டின இடத்துலயே திரும்ப முளைக்கும். கொடி படர்ந்துட்டா லாலாங்குக்கு வெயில் கிடைக்காது. கொடியோட வேர்முடிச்சு மண்ணுக்கு நைட்ரஜனும் தரும்.

பிறந்த குழந்தையோட குடலும் வெறுந்தரைதான். இன்ஃபான்டிஸ் படர்ந்து, அசிட்டிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் விடும். மலம் புளிச்சு, பிஎச் (எண் குறைஞ்சா புளிப்பு அதிகம்) 5 பக்கம் இறங்கும். அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளுக்கு ஆகாது. கூடவே இன்டோல் லாக்டிக் அமிலம்னு ஒண்ணு விடும், அது நோய் எதிர்ப்புச் செல்களோட கொதிப்பை அடக்கும். 2021-ல வந்த ஆய்வுல, தாய்ப்பாலோட இன்ஃபான்டிஸும் கொடுத்த குழந்தைகளுக்குக் குடல் அழற்சிக் குறிகள் குறைஞ்சது.

விதையில்லாம உரம் மட்டும் போட்டு என்ன பயன்? நுண்ணுயிர் இல்லேன்னா இந்தச் சர்க்கரை பெரும்பாலும் பேம்பர்ஸ்லதான் போகும். சிசேரியன், ஆன்டிபயாட்டிக் ரெண்டுமே நுண்ணுயிர் குடியேறுறதைத் தாமதப்படுத்தும்.

பாட்டிமார்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: முதல் 6 மாசம் தண்ணிகூட வேண்டாம், ஒரு வயசு வரைக்கும் தேன் நாக்குல தடவவே வேண்டாம். தேன்ல போட்டுலிசம்ங்கிற நரம்பை முடக்குற நோயோட கிருமி வித்து இருக்கலாம்.

பெரியவங்களுக்கு? வயசு ஏற ஏற பிஃபிடோ, அதாவது இன்ஃபான்டிஸ் சேர்ந்த பிஃபிடோபாக்டீரியம் கூட்டம், குறையும். 2016-ல 100 பெரியவங்க கலந்துக்கிட்ட ஆய்வுல இந்தச் சர்க்கரையைத் தினம் 20 கிராம் வரை 2 வாரம் கொடுத்துப் பார்த்தாங்க, பிஃபிடோ கூடுச்சு. ஆனா விலை கொடுத்து வாங்க ஓடாதீங்க. நம்ம குடல்ல இருக்கிற பிஃபிடோ இனங்களுக்கு வெங்காயமும் பூண்டும் பருப்பும் போதும்.

ஒரே நாள்ல ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை வேண்டாம், வயிறு உப்பிடும். ராத்திரி ஊறவச்சு, தண்ணியைக் கொட்டி, புதுத் தண்ணியில வேகவைங்க. முதல் வாரம் 2 மேசைக்கரண்டி, அப்புறம் மெதுவா கூட்டுங்க. குடல் எரிச்சல் உள்ளவங்களுக்கு வெங்காயமும் பூண்டுமே வலியைக் கூட்டலாம், டாக்டரைக் கேட்டுட்டுத் தொடங்குங்க.

உங்க வீட்டுல பசியாறுறப்ப என்ன பருப்பு? கீழே எழுதுங்க, அதை எவ்வளவு நேரம் ஊறவைக்கணும்னு பதில்ல சொல்றேன்.