கூரை காணாத சுவர்

வணக்கம் நேயர்களே. இத்தாலியின் சியேனா நகரத்துப் பேராலயத்துக்குப் போனால், பக்கத்திலேயே தனியாக ஓங்கி நிற்கும் ஒரு சுவரைப் பார்க்கலாம். அதில் பெரிய ஜன்னல் இருக்கிறது. ஜன்னல் வழியே பார்த்தால் வானம்தான் தெரியும்.

சியேனாவுக்கும் ஃபுளோரன்சுக்கும் தீராத போட்டி. ஃபுளோரன்ஸ்காரர்கள் 1296-இல் பிரம்மாண்டமான பேராலயம் ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். இவர்கள் சும்மா இருப்பார்களா? 1339-இல் வேலையை ஆரம்பித்தார்கள். இருக்கிற பேராலயம் முழுவதையுமே புதிய ஆலயத்தின் குறுக்குக் கூடமாக ஆக்கிவிடுவது என்று திட்டம்! பேராசைதான், ஆனால் எனக்கு அது பிடித்திருக்கிறது.

1348-இல் கொள்ளைநோய் வந்தது. ஆளும் போயிற்று, பணமும் போயிற்று. கட்டிய வரைக்கும் உறுதி போதவில்லை என்பதும் தெரிந்தது. 1357-இல் திட்டத்தைக் கைவிட்டு, விழுந்துவிடும் போலிருந்த பகுதிகளை இடித்தார்கள். மிஞ்சியது அந்த முகப்புச் சுவரும் பக்கக் கூடமும். கூடத்தின் வளைவுகளை அடைத்து, இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

துச்சோ வரைந்த 'மயேஸ்தா' அங்கேதான் இருக்கிறது. அரியணையில் மாதா, மடியில் குழந்தை, சுற்றிலும் தேவதூதர்களும் புனிதர்களும். 1311 ஜூன் 9 அன்று, ஊரே கடையடைத்து, மணியடித்து, எக்காளம் ஊதி அதைப் பட்டறையிலிருந்து பேராலயத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுவந்தது. அப்படி வந்த ஓவியத்தை 1771-இல் ரம்பம் வைத்து அறுத்தார்கள். சில துண்டுகள் இன்று லண்டனிலும் வாஷிங்டனிலும் இருக்கின்றன.

சரி, பேராலயத்துக்குள் போவோம். தூண்களெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பளிங்கு. அவை நகரத்தின் சின்னத்திலுள்ள நிறங்கள். அண்ணாந்தே நடந்தால் காலடியில் இருப்பதைத் தவறவிடுவீர்கள். தரை முழுக்க 56 பளிங்குச் சித்திரங்கள். பதினான்காம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை, தலைமுறை தலைமுறையாக நடந்தது. முதலில் வெள்ளைப் பளிங்கில் கோடு செதுக்கி, அதில் கறுப்புச் சாந்தை நிரப்பினார்கள். அப்புறம் பல வண்ணக் கற்களை வெட்டிப் பதித்தார்கள். பெக்காஃபூமி என்ற ஓவியர் கல்லின் நிறபேதத்தை வைத்தே வெளிச்சமும் நிழலும் காட்டியிருக்கிறார். கால்பட்டுத் தேயாதிருக்க வருடத்தில் பெரும்பாலான நாட்கள் தரையின் பெரும்பகுதியை மூடியே வைக்கிறார்கள். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் சில வாரங்கள் திறப்பார்கள். பயணத் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது அந்த மொட்டைச் சுவருக்குள் இருக்கும் குறுகிய படிகளில் ஏறிப் பாருங்கள். நடுக்கூடமாக வரவேண்டிய இடத்தில் ஒரு சதுக்கம் இருக்கிறது. ஆட்கள் அதன் குறுக்கே நடந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.