உமியில் ஓடிய மில்

பெரியோர்களே, நண்பர்களே,

நம் ஊர் மேற்குத் தெருவில் பாதி இடிந்து நிற்கும் புகைபோக்கியை இன்றைய பிள்ளைகள் செங்கல் சூளை என்றே நினைக்கிறார்கள். அதனடியில் ஒரு கொதிகலன் இருந்தது, அதன் ஆவியில்தான் ஊருக்கே மாவு அரைபட்டது என்பதைச் சொல்ல முதியவர்கள் சிலரே மிஞ்சியிருக்கிறோம்.

மாவரைக்கும் கல்லை நீராவியால் பெரிய அளவில் சுழற்றிக் காட்டியது, லண்டனில் 1786-இல் இயங்கத் தொடங்கிய ஆல்பியன் ஆலை. அதை ஓட்டியவை ஜேம்ஸ் வாட்டின் எஞ்சின்கள். 1791-இல் அது எரிந்தபோது, ஆற்றையும் காற்றையும் நம்பி மாவரைத்து வந்தவர்கள் பாலத்தின்மேல் கூடி ஆடினார்களாம். அவர்கள் பிழைப்பில் மண் விழுந்திருந்ததே!

அங்கே எரித்தது நிலக்கரி. நாஞ்சில் நாட்டில் நம் மில் எரித்தது உமி. நெல்லின் எடையில் ஏறத்தாழ 20 சதவீதம் உமிதான். நெல்லே தன்னைக் குத்தும் எந்திரத்துக்கு விறகும் கொடுத்ததால்தான், நிலக்கரி கிடைக்காத இந்த மண்ணில் ஆவி எஞ்சின் கட்டுப்படியானது; அதே கொதிகலனின் ஆவியில் சம்பா நெல்லும் புழுங்கியது. ஆவி பிஸ்டனைத் தள்ள, ஆளுயரச் சக்கரம் சுழல, கூரையடியில் ஓடிய நீண்ட ஷாப்டிலிருந்து இறங்கிய தோல் பெல்ட் கல்லைச் சுற்றும்.

ஆனால் ஆவி ஏற நேரம் பிடிக்கும். ஒரு நாழி அரிசிக்காக எஞ்சினை ஓட்ட முடியாது. ஆகவே சங்கு ஊதிய பிறகே பெண்கள் ஊறவைத்து உலர்த்திய அரிசியை ஓலைக் கடவத்தில் சுமந்து வருவார்கள். மாவு இளஞ்சூட்டோடு விழும். பரப்பி ஆறவைக்காமல் மூடினால் மறுநாள் புளித்த வாடை அடிக்கும். மாவு அளவுக்கு மீறிச் சுட்டால் கல் மழுங்கிவிட்டது என்று பொருள். உளிகொண்டு கொத்தியாக வேண்டும்.

மில்லால் இழந்தவர்களும் உண்டு. கூலிக்கு நெல் குத்திய பெண்களின் உலக்கை ஓய்ந்தது. காந்தியடிகள் 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கமும் அதன் செயலாளர் ஜே. சி. குமரப்பாவும் கைக்குத்தல் அரிசிக்காக வாதாடியதில், அந்தக் கூலியும் தவிட்டோடு போகும் சத்தும் சேர்ந்தே இருந்தன. அந்த வாதம் சரியானது. ஆயினும், தன் வீட்டு நெல்லுக்காக விடியுமுன் எழுந்து உலக்கை பிடித்த எந்தப் பெண்ணும் மில்லைத் திட்டி நான் கேட்டதில்லை.

பின்னர் டீசல் எஞ்சின் வந்தது; அதற்குப்பின் மின் மோட்டார். ஐரோப்பாவில் ஆவிக்கு முன்பே காற்று மாவரைத்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அத்தனை காற்று வீசியும் நாம் அதற்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. இன்று முப்பந்தல் காற்றாலைகளின் மின்சாரமும் கலந்து வரும் கம்பியில்தான், அந்தப் புகைபோக்கிக்கு எதிர்க்கடையில் புட்டுக்கு மாவு அரைபடுகிறது.