இரும்புப் பல்லுக்குப் பின்னால் ஒரு மனுஷன்

நடுவர் அவர்களே, வணக்கம்! உளவுப் படத்தின் பாத்திரங்களுக்கு உயிர் கொடுப்பது திரையா, அந்தப் படத்தை நாவலாக்கும் எழுத்தா? எழுத்துதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா, "படத்தைப் பார்த்து எழுதும் நாவல் வெறும் ஜெராக்ஸ்" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார்கள். அசலில் இல்லாத வரி எந்த ஜெராக்ஸில் அம்மா விழும்?

1977இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'தி ஸ்பை ஹூ லவ்ட் மீ'. அதே பெயரில் இயான் ஃப்ளெமிங் 1962இல் எழுதிய நாவல் உண்டு. ஆனால் 'தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், கதையைத் தொடாதீர்கள்' என்பது அவர் போட்ட நிபந்தனை. ஆகவே படத்துக்குப் புதுக்கதை. திரைக்கதைக்குப் பெயர் போட்ட இருவரில் ஒருவரான கிறிஸ்டோபர் வுட்டே அதை நாவலாகவும் எழுதினார். சமைத்தவரே பரிமாற வந்தார். அடுப்படியில் தங்கிப்போனதையும் எடுத்துவந்தார்.

அதில் 'ஜாஸ்' என்றொரு அடியாள். ஏழடிக்கு மேல் உயரம், வாய் நிறைய இரும்புப் பல். படத்தில் ஒரு வார்த்தை பேசமாட்டார். கட்டடம் தலையில் இடிந்து விழும்; எழுந்து கோட்டைத் தட்டிவிட்டு நடப்பார். நாம் சிரிப்போம். நானும் விழுந்து விழுந்து சிரித்தவன்தான்.

நாவலைத் திறந்தால் அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. அவருக்கு ஊர் இருக்கிறது, போலந்தின் கிராகோவ். அப்பா சர்க்கஸ் பலசாலி, அம்மா பெண்கள் சிறையில் காவல் அதிகாரி. கூடைப்பந்து ஆடிப் பார்த்தார். உயரம் இருந்தது, வேகம் இல்லை. ரொட்டிக் கலவரத்தில் சேர்ந்ததாகப் பிடித்துப்போய், தோல் சுற்றிய இரும்புத் தடியால் அடித்தார்கள். செத்துவிட்டான் என்று நினைத்தபிறகுதான் நிறுத்தினார்கள். தாடை கூழ். தப்பி ஓடி ஒளிந்த கப்பல், வில்லன் ஸ்ட்ராம்பெர்குடையது. காட்டிக்கொடுக்காமல் 14 அறுவைச் சிகிச்சை செய்து, இரும்புத் தாடை பொருத்தினார் அந்த வில்லன். அதற்கு விலை, குரல்.

நடுவர் அவர்களே, படத்தில் அந்த மௌனம் பயம் காட்டும் உத்தி. நாவலில் அது ஒரு காயம். எதற்காக ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து அந்த முதலாளிக்காக அடிவாங்குகிறார் என்பது இப்போதல்லவா புரிகிறது?

'தன் காதலனைக் கொன்றது பாண்ட் என்று ரஷ்ய உளவாளி ஆன்யா அறியும் காட்சி போதாதா' என்றார்கள். நல்ல காட்சி, ஒப்புக்கொள்கிறேன். பாண்ட் பனிமலை உச்சியிலிருந்து பாய, பிரிட்டிஷ் கொடிப் பாராசூட் விரியும் இடத்தையும் சொன்னார்கள். தாராளமாகக் கைதட்டுங்கள்! ஆனால் அந்தப் பெருமை ஸ்டன்ட் கலைஞர் ரிக் சில்வெஸ்டருக்கு அம்மா, பாத்திரத்துக்கு அல்ல.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். அந்த இரும்புப் பல்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் அதைப் படத்திலிருந்து எடுத்துச் சொல்லட்டும். தீர்ப்பை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்.